நாரா வரை போய்வந்த மஞ்சப்பை

பெட்டிக்குள் முதலில் போனது பருப்புப் பொடி. அப்புறம் எள்ளுப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், கால் லிட்டர் நல்லெண்ணெய், இரண்டு பாக்கெட் அவல். ஜப்பானுக்கு ஒன்பது நாள் போகிறோம் என்று சொன்ன அன்றைக்கே அம்மா வறுக்க ஆரம்பித்துவிட்டாள். கியோட்டோவில் பார்க்க வேண்டிய கோயில்களைப் பட்டியல் போட்டபடி நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவரில் பயணத்துக்குச் சரியாகத் தயாரானவள் அவள்தான் என்பது போன பிறகுதான் புரிந்தது.

அம்மாவுக்கு வயது 66. திருநெல்வேலி டவுனில் பிறந்து வளர்ந்தவள். சைவக் குடும்பம், முட்டைகூடத் தொட்டதில்லை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பாஸ்போர்ட் எடுத்ததே இந்தப் பயணத்துக்காகத்தான். 2024 நவம்பரில், மேப்பிள் இலை சிவக்கும் பருவத்தில் கிளம்பினோம்.

ஜப்பான் விசாவுக்கு நாள்வாரியான பயணத் திட்டம் ஒன்று கொடுக்க வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஊர், எங்கே தங்கல், அந்த இடத்தின் தொலைபேசி எண் என்ன என்று கட்டம் கட்டமாக எழுதித் தர வேண்டிய தாள் அது. பலரும் அதை எங்கிருந்தாவது பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தாள்தான் பெரிய உதவியாக இருந்தது. நாங்கள் முதலில் அணுகிய ஒரு பயண முகவர் ஒன்பது நாளில் ஐந்து ஊர் போட்டுக் கொடுத்திருந்தார்: டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா. தினம் ஒரு ரயில், இரண்டு நாளுக்கொரு விடுதி. அதைக் கட்டத்தில் நிரப்பும்போதே தெரிந்துவிட்டது, அம்மாவால் ஆகாது என்று. டோக்கியோவில் நான்கு இரவு, கியோட்டோவில் நான்கு இரவு, நடுவில் ஒரே ஒரு பெரிய ரயில் பயணம் என்று மாற்றினேன். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்க்கும் இடங்களை வைத்துத் திட்டம் போடாதீர்கள், கூட வருபவரின் முழங்காலையும் வயிற்றையும் தூக்கத்தையும் வைத்துப் போடுங்கள். ஜப்பானில் சும்மா ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் காலடி நடந்துவிடுகிறோம். ஹிரோஷிமா பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் மாற்றியது சரிதான்.

அதே முகவர் ஏழு நாள் ரயில் பாஸ் கட்டாயம் வேண்டும் என்றார். பழைய கணக்கு அது. 2023 அக்டோபருக்கு முன்னால் அந்தப் பாஸ் 29,650 யென். அப்போது 50,000 யென் ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணமே ஏறக்குறைய 14,000 யென்தான். போகும்போது நரிதாவில் இறங்கி, திரும்பும்போது ஒசாகா பக்கத்திலுள்ள கன்சாய் விமான நிலையத்தில் ஏறும்படி டிக்கெட் எடுத்துவிட்டால், அந்த ஒருவழிக் கட்டணத்தோடு முடிந்தது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். நாங்கள் போன சமயத்தில் 100 யென் என்பது சுமார் 55 ரூபாய். மிச்சமானது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மருந்து விஷயத்தில் அலட்சியம் கூடாது. நாம் சாதாரணமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் சில சளி மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகவே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குள் வைத்துக்கொண்டால் முன் அனுமதி தேவையில்லை. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்தேன். பழம், கறிவேப்பிலை, பச்சைக் காய் எதுவும் வேண்டாம். தாவர நோய்த்தடுப்புச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அம்மா ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலையை விமானம் ஏறும் அன்று காலையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். குடிநுழைவுக்கும் சுங்கத்துக்குமான விவரங்களை அரசின் இணையதளத்தில் முன்பே நிரப்பி க்யூஆர் குறியீட்டை எடுத்து வைத்துக்கொண்டால் வரிசையில் நின்று எழுதும் வேலை மிச்சம்.

நரிதாவில் இறங்கியபோது மாலை இருட்டியிருந்தது. நம் நேரத்தைவிட அங்கே மூன்றரை மணி நேரம் முன்னால். ஏடிஎம்மில் என் அட்டையைச் செருகினேன், பணம் வரவில்லை. இரண்டாவது அட்டையும் அப்படியே. அம்மா பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட மறந்தது என் தவறு. இந்திய அட்டைகளில் பெரும்பாலும் அது மூடித்தான் இருக்கும். வங்கி ஆப்பில் நாமே திறக்க வேண்டும். விமான நிலைய வைஃபையில் அதைச் செய்து முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. வீட்டிலேயே செய்யுங்கள். கடைகளில் இயந்திரம் ரூபாயில் கட்டுகிறீர்களா, யென்னில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் யென் என்றே அழுத்துங்கள். ரூபாய்க் கணக்கில் அவர்கள் போடும் மாற்று விலை நமக்கு நஷ்டம்தான். செவன் இலெவன் கடைகளிலுள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும். சிறு உணவகத்திலும் கோயில் நுழைவிலும் இன்னும் ரொக்கம்தான் கேட்கிறார்கள்.

விமான நிலையத்திலேயே வெல்கம் சுயிகா என்ற அட்டை ஆளுக்கொன்று வாங்கினோம். 28 நாள் செல்லும். பணம் போட்டுக்கொண்டு ரயிலிலும் பேருந்திலும் தொட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பெட்டிக்கடை மாதிரியான சிறு கடைகளிலும் பானம் விற்கும் இயந்திரத்திலும்கூடச் செல்லும். மூன்றாம் நாள் அம்மா தானே தொட்டு, தானே கதவு திறக்க நடந்து போனாள். மீதிப் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

டோக்கியோ ரயில் வரைபடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுரங்க ரயிலில் மட்டுமே 13 தடங்கள். ஆனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. எங்கள் விடுதி இருந்த உவேனோ கின்சா தடத்தில் ஜி 16. ஆசகுசா ஜி 19. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பதினாறிலிருந்து பத்தொன்பது என்றால் மூன்றாவது நிறுத்தம் என்று எவருக்கும் தெரியும். உண்மையான சிக்கல் இறங்கிய பிறகு. ஷின்ஜுகு மாதிரி நிலையத்தில் வெளிவாசல்கள் இருநூறுக்கு மேல். போக வேண்டிய இடத்தின் பெயரோடு எந்த வாசல் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், மின்தூக்கி எந்த வாசலில் இருக்கிறது என்பது. எல்லா வாசலிலும் இருக்காது. முதல் நாள் அது தெரியாமல் அம்மா ஒரு நிலையத்தில் 60 படிக்கு மேல் ஏறினாள், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. அன்று இரவு அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டபோதுதான், மறுநாள் போகும் இடங்களுக்கெல்லாம் மின்தூக்கி உள்ள வாசலைத் தேடி எழுத ஆரம்பித்தேன்.

இப்போது சாப்பாடு. சைவம் சாப்பிடுகிற நம் ஆட்கள் ஜப்பானில் அதிகம் திணறுவது இதில்தான். தட்டில் கறி தெரியாது, மீன் தெரியாது. சாறில் இருக்கும். தாஷி என்று ஒரு சாறு. ஜப்பானியச் சமையலுக்கு அதுதான் அடித்தளம். சூரை மீனை அவித்துப் புகை போட்டு, மரக்கட்டைபோல இறுகக் காயவைத்து, இழைப்புளியில் இழைத்ததுபோலச் சீவி, அந்தச் சீவலை வெந்நீரில் போட்டு வடிகட்டுவார்கள். கடற்பாசியையும் சேர்ப்பதுண்டு. மிசோ சூப், நூடுல்ஸின் குழம்பு, அவித்த காய்கறி என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். 'காய்கறி மட்டும்தானே?' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள்; அவர்கள் பொய் சொல்லவில்லை, சாறு அவர்கள் கணக்கில் மீனே இல்லை. முதல் நாள் மதியம் வெறும் உதோன் நூடுல்ஸ் என்று நம்பி வாங்கிய கிண்ணத்தை அம்மா மூக்கருகே கொண்டுபோனாள். "ஏட்டி, இதுல மீன் வாசம் வருது" என்று மெல்லச் சொல்லிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பரிமாறிய பெண் மனம் நோகக்கூடாதே என்று அவள் முகத்தைச் சுளிக்கவுமில்லை. அன்று மதியம் அவள் சாப்பிட்டது ஒரு வாழைப்பழம்.

அதன் பிறகு செய்ததைச் சொல்கிறேன். 'இறைச்சி, மீன் சாப்பிடமாட்டோம்; மீன் சேர்த்த தாஷியும் வேண்டாம்' என்று ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த ஓர் அட்டை. விடுதி வரவேற்பிலேயே எழுதித் தந்தார்கள். வாயால் சொல்ல 'நிகு தோ சகானா வா தபேமசென்' போதும். நிகு இறைச்சி, சகானா மீன். இரண்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிகு என்ற சொல்லில் மீன் அடங்காது. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்தால் மொழிபெயர்த்துக் காட்டும் ஆப்பைக் கைபேசியில் ஏற்றி, ஜப்பானிய மொழித் தொகுப்பையும் இறக்கி வைத்துக்கொண்டேன்.

தெருவுக்கு ஒன்றாக இருக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கடைகள்தான் எங்களைக் காப்பாற்றின. அங்கே வெறும் வெள்ளைச் சோறு பொட்டலமாகக் கிடைக்கும். கல்லாவில் வைத்ததும் கடைக்காரப் பையன் 'அததமேமஸ் கா?' என்றான். சூடு பண்ணவா? வினைச்சொல் கடைசியில் வந்து, அதன் வாலில் கேள்வியும் ஒட்டிக்கொண்டு, அப்படியே நம் வாக்கியம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, நம் வாக்கிய வரிசையிலேயே யோசித்து நடுவில் அவர்கள் சொற்களைப் போட்டால் பெரும்பாலும் சரியாக வருகிறது. பத்துச் சொல் கற்றுக்கொண்டு போனால், ஆங்கிலத்தில் பேசுவதைவிடச் சீக்கிரம் காரியம் ஆகும்.

சூடான அந்தச் சோற்றை விடுதி அறையில் பிரித்து, பருப்புப் பொடி போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து அம்மா எனக்கும் ஒரு உருண்டை தந்தாள். ஜப்பான் அரிசி நம் பச்சரிசியைவிடக் கொழகொழப்பு, பொடியை நன்றாகப் பிடிக்கிறது. நாங்கள் தங்கிய இரண்டு விடுதி அறையிலும் வெந்நீர்க் கெண்டி இருந்தது, காலைக்கு அவல். அதே கடைகளில் முக்கோணச் சோற்று உருண்டை விற்கிறார்கள், கடற்பாசித் தாள் சுற்றி. அதன் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் இழுத்தால் தாள் கிழியாமல் உறை கழன்று வரும். உள்ளே உமெபோஷி என்ற உப்பிட்ட புளிப்புப் பழம் வைத்தது அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "நாரத்தங்காய் ஊறுகாய் மாதிரியே இருக்கு" என்றாள். அதிலும் சிலவற்றில் மீன் சீவல் கலக்கிறார்கள், பின்பக்கம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு நாளாவது இலைபோட்டதுபோல நிறைவாகச் சாப்பிட வேண்டுமென்றால் புத்தத் துறவிகளின் ஷோஜின் உணவு இருக்கிறது. கியோட்டோவின் அரஷியாமா பகுதியில் தென்ர்யூஜி ஆலய வளாகத்துக்குள்ளேயே அதற்கொரு உணவுக்கூடம் உண்டு. சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும்தான். சிவப்புத் தட்டில் சிறு சிறு கிண்ணங்களாக வைத்த அத்தனையையும் அம்மா ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

டோக்கியோவிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, பெரிய பெட்டிகள் இரண்டையும் விடுதி வரவேற்பில் ஒப்படைத்தோம். பெட்டியை ஊருக்கு ஊர் அனுப்பிவைக்கும் ஏற்பாடு இது, தக்யூபின் என்று பெயர். 1976 முதல் நடக்கும் சேவை. கியோட்டோ விடுதியின் முகவரியைக் காட்டினால் படிவத்தை அவர்களே நிரப்பிவிடுகிறார்கள். பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். மறுநாள் கியோட்டோவில் அறைக்குள் நுழைந்தால் பெட்டிகள் நமக்கு முன்னால் வந்து நிற்கின்றன. அதிவேக ரயிலில் நீள, அகல, உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குத் தனி இருக்கை முன்பதிவு வேண்டும், வண்டி நிலையத்தில் நிற்பது ஓரிரு நிமிடம்தான். பெட்டியையும் அம்மாவையும் ஒரே நேரத்தில் இறக்குவது என்னால் முடிந்திருக்காது. இந்தச் செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். மருந்து, பாஸ்போர்ட், ஒரு நாள் மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கியோட்டோ நோக்கிப் போகும்போது வலதுபக்கம் உட்கார்ந்தால், வானம் தெளிவாக இருந்தால், ஃபூஜி தெரியும். எங்களுக்குத் தெரிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

செருப்பு கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். கோயில், சில உணவகங்கள், பழைய பாணி விடுதிகள் என்று நாளைக்கு நான்கைந்து முறை கழற்ற நேரும். அதனால் நாடா கட்டும் காலணி வேண்டாம். கழிப்பறை நம்மவர்களுக்குப் பெரிய ஆறுதல். பெரும்பாலான இடங்களில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இருக்கை. உட்காருவதற்கு முன்பே நிறுத்தும் பொத்தான் எது என்று மட்டும் பார்த்துவையுங்கள். பழைய கோயில்களில் குத்துக்கால் கழிப்பறையும் கலந்திருக்கும், கதவில் படம் போட்டிருப்பார்கள். முழங்கால் வலிக்காரர்கள் பார்த்து நுழைய வேண்டும். கை துடைக்கத் தாள் பல இடங்களில் இல்லை, கைக்குட்டை அவசியம். தெருவில் குப்பைத்தொட்டியும் அபூர்வம். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு நிலையங்களில் இருந்த தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். குப்பையைப் பையில் போட்டு அறைக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம். அம்மா அதற்கென்றே ஒரு நெகிழிப் பையை இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

ஆசகுசாவின் சென்சோஜி ஆலயத்தில், பெரிய தூபக் கலசத்தைச் சுற்றிக் கூட்டம் நின்று புகையைக் கையால் அள்ளித் தலையிலும் தோளிலும் விட்டுக்கொண்டிருந்தது. வலிக்கிற இடத்தில் பட்டால் நல்லது என்பது அங்கே நம்பிக்கை. யாரும் சொல்லித்தராமலே அம்மா குனிந்து இரண்டு கைப்புகையை அள்ளி முழங்காலில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி தன் முழங்காலைத் தட்டிக் காட்டித் தலையசைத்தார். இருவரும் சற்று நேரம் ஒருவர் முழங்காலை ஒருவர் பார்த்து நின்றார்கள்.

கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி போன அன்றுதான் அம்மாவின் பை தொலைந்தது. ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்கள் மலைமேல் அடுக்கடுக்காகப் போகும் இடம். கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். காலை ஏழு மணிக்குள் போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். கியோட்டோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம்தான். இனாரி நிலையத்தில் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன், கதவு மூடியது, ரயில் நகர்ந்த பிறகுதான் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். திருநெல்வேலி ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதற்குள் அவள் படிக்கும் கண்ணாடி, தேவாரப் புத்தகம், முழங்கால் உறை, பருப்புப் பொடி டப்பா.

நிலைய ஊழியரிடம் போனோம். அவர் கேட்டது மூன்று: எத்தனை மணி வண்டி, எந்தத் திசை, எத்தனையாவது பெட்டி. மூன்றாவதுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நடைமேடையில் நாங்கள் இறங்கிய இடத்தைக் காட்டினேன், அங்கே தரையில் போட்டிருந்த எண்ணை வைத்து அவரே கண்டுபிடித்துக்கொண்டார். தொலைபேசியில் பேசினார். இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பி அழைப்பு வந்தது. வண்டி கடைசியாக நிற்கும் நாராவில் பை கிடைத்துவிட்டது. மறுநாள் எங்கள் திட்டமே நாராதான் என்றதும் அவர் முகத்தில் எங்களைவிடச் சந்தோஷம். ஓர் எண்ணைச் சீட்டில் எழுதித் தந்தார். அதிலிருந்து ரயில் ஏறினால் பெட்டி எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நாராவில் தோதாய்ஜி ஆலயத்துப் பெரிய புத்தரைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 752ஆம் ஆண்டு அந்தச் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அன்று காலை அம்மாவுக்கு அதெல்லாம் இரண்டாவதுதான். நேரே நிலையத்தின் தொலைந்த பொருள் அறைக்குப் போனோம். சீட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டினேன். ஊழியர் உள்ளே போய், தெளிந்த நெகிழி உறைக்குள் மடித்து வைத்த மஞ்சப்பையை இரண்டு கையாலும் ஏந்தி வந்து தட்டில் வைத்தார். கூடவே ஒரு தாள். கைபேசியை அதன்மேல் பிடித்தேன்: துணிப்பை, மஞ்சள், 1. கண்ணாடி, 1. புத்தகம், 1. முழங்கால் உறை, 2. டப்பா, பழுப்பு நிறப் பொடி, 1. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அம்மா சுருக்குப் பையிலிருந்து 500 யென் நாணயத்தை எடுத்து நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முன்னால் விரித்து மறுத்தார். அங்கே டிப்ஸ் வாங்கும் வழக்கமே இல்லை, உணவகத்திலும் கிடையாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. நாணயத்தை உள்ளே போட்டுவிட்டு இரு கையும் குவித்துக் கும்பிட்டாள். அவர் இடுப்பு வரை குனிந்தார். அதைப் பார்த்து அம்மா மறுபடி கும்பிட்டாள், அவர் மறுபடி குனிந்தார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"நமுத்துப் போகல" என்றாள்.